காரில் டேஷ்கேம்: சட்டம் என்ன சொல்கிறது, விபத்து நடந்தால் என்ன செய்வது?

முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, வண்டி ஓடும்போதெல்லாம் எதிரே இருக்கும் சாலையைப் பதிவு செய்துகொண்டே வரும் சின்னக் கேமராதான் டேஷ்கேம். சில ஆயிரம் ரூபாயிலேயே கிடைப்பதால், புதுக் கார் எடுக்கும் பலர் சீட் கவர், மேட்டோடு சேர்த்து இதையும் மாட்டிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நம்மகிட்ட வீடியோ இருக்கும்ல" என்பார்கள். நியாயமான எண்ணம்தான். ஆனால் வீடியோ இருந்தால் மட்டும் போதாது. விபத்து நடந்த முதல் சில மணி நேரத்தில் அந்த வீடியோவை நாம் எப்படிக் கையாள்கிறோம் என்பதில்தான், அது நாளை போலீஸ் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் நிற்குமா என்பது இருக்கிறது. முதன்முதலாக டேஷ்கேம் வாங்க நினைப்பவர்களுக்காக, அந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் கேள்வி, மாட்டலாமா? தாராளமாக மாட்டலாம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திலோ, 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளிலோ சொந்தக் காரில் டேஷ்கேம் வைக்கக் கூடாது என்று எந்தப் பிரிவும் கிடையாது. வைத்தே ஆக வேண்டும் என்றும் கிடையாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டாம், ஆர்.சி.யில் ஏற்ற வேண்டாம். 2021-இல் சேர்க்கப்பட்ட 167ஏ விதி, சாலை விதிமீறல்களைக் கண்காணிக்கும் மின்னணுக் கருவிகளின் பட்டியலில் டேஷ்போர்டு கேமராவையும் சேர்த்திருக்கிறது. ஆனால் அது அரசுத் துறைகள் பயன்படுத்தும், ஒப்புதல் சான்று பெற்ற கருவிகளைப் பற்றியது. நம் காரில் இருப்பது அந்தக் கணக்கில் வராது.

எங்கே மாட்டுகிறோம் என்பதில் மட்டும் சட்டம் குறுக்கே வரும். ஓட்டுநர் வண்டியைக் கட்டுப்படுத்துவதற்கு இடைஞ்சலாக எந்தப் பொருளையும் வைக்கக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு. அதனால் ஓட்டுநருக்கு நேர் எதிரே கண்ணாடி நடுவில் ஒட்டாதீர்கள். உள்ளே இருக்கும் ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால், இடது பக்கமாகத் தள்ளி ஒட்டினால் பார்வை மறையாது. வைப்பர் துடைக்கும் பகுதிக்குள்ளும் வரும். மழையில் வைப்பர் எட்டாத மூலையில் ஒட்டிய கேமராவில் தண்ணீர்த் துளி மட்டும்தான் தெரியும். புது மாடல் கார்களில் அதே இடத்தில் கம்பெனியே வைத்த கேமராவோ மழை சென்சாரோ இருக்கும், அதை மறைத்துவிடாமல் ஒட்டச் சொல்லுங்கள்.

விபத்து நடந்த இடத்தில்

நம் ஊரில் டேஷ்கேம் ஏன் வேண்டும் என்பதற்கு என்னைக் கேட்டால் ஒரே காரணம்தான் சொல்வேன். பைக்கும் காரும் மோதினால் கார்காரர்தான் தப்பு, காரும் லாரியும் மோதினால் லாரிக்காரர்தான் தப்பு என்று கூடும் கூட்டம் அங்கேயே தீர்ப்பு எழுதிவிடும். ராங் சைடில் வந்தது யார், இண்டிகேட்டர் போட்டது யார் என்றெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள். அதன் பிறகு வரும் போலீஸ் ஆவணங்களைப் பாருங்கள்: முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பு), இடத்தின் வரைபடம், வண்டியைச் சோதித்து மோட்டார் வாகன ஆய்வாளர் தரும் அறிக்கை. எல்லாமே மோதல் முடிந்த பிறகு எழுதப்படுபவை. மோதிய அந்த இரண்டு மூன்று விநாடிகளுக்குச் சாட்சி, அங்கே நின்றவர்களின் ஞாபகம்தான். டேஷ்கேம் அந்த இரண்டு மூன்று விநாடிகளைத் தருகிறது.

ஒரு கற்பனைச் சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. சாலையில் ஊரப்பாக்கம் தாண்டி, இரவு எட்டே முக்காலுக்கு, கார் வலது லேனில் போகிறது. சென்டர் மீடியன் இடைவெளியில் ஒரு பைக் ராங் சைடில் நுழைகிறது, மோதல். ஒரு நிமிடக் கோப்பு ஒன்றில் என்னென்ன பதிவாகியிருக்கும் பாருங்கள். ஓரத்தில் தேதி, நேரம். ஜி.பி.எஸ். இருந்தால் இடமும் வேகமும். பைக்கின் ஹெட்லைட் எரிந்ததா, இடைவெளியில் நின்று பார்த்துவிட்டு வந்தாரா, நேராகவே புகுந்தாரா என்பது. காரின் முன்பகுதி அமுங்குவதிலிருந்து எந்தக் கணத்தில் பிரேக் பிடிக்கப்பட்டது என்பது. மைக் இயங்கியிருந்தால் ஹாரன் அடித்த சத்தமும், இண்டிகேட்டரின் டிக் டிக் சத்தமும். மூன்று மாதம் கழித்து யாராலும் இவ்வளவையும் ஞாபகத்திலிருந்து சொல்ல முடியாது.

இப்போது அந்த ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும்? முதல் வேலை கேமரா அல்ல, அடிபட்டவர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவின்படி காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை. 108-க்கு அழையுங்கள். கூட்டத்தின் ஆத்திரத்தால் அங்கே நிற்க முடியாத நிலை வரலாம் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டு விலக்கு தருகிறது. அப்படிப்பட்ட நேரத்தில் நேராகப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போங்கள். எப்படியும் 24 மணி நேரத்துக்குள் நிலையத்தில் தகவல் சொல்லியாக வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

அதற்கு அடுத்த வேலை, வீடியோ அழியாமல் பார்த்துக்கொள்வது. டேஷ்கேம் லூப் முறையில் வேலை செய்கிறது. ஒன்று, மூன்று அல்லது ஐந்து நிமிடத் துண்டுகளாகப் பதிவு செய்து, மெமரி கார்டு நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுதும். சாதாரண ஃபுல் ஹெச்.டி. தரத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 எம்.பி. பிடிக்கும். 32 ஜி.பி. கார்டு என்றால் சுமார் ஐந்து மணி நேரம். முன்னும் பின்னும் இரண்டு கேமரா என்றால் அதில் பாதிதான். விபத்துக்குப் பிறகு காவல் நிலையம், மருத்துவமனை, வீடு என்று வண்டி ஓடிக்கொண்டே இருந்தால் முக்கியமான துண்டு போயே போய்விடும். ஜி-சென்சார் அதிர்வை உணர்ந்து அந்தத் துண்டைத் தானாகப் பூட்டிவைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பக்கவாட்டில் உரசிப் போனால் சென்சாருக்குத் தெரியாமலே போகலாம். அதனால் கேமராவில் இருக்கும் பூட்டும் பட்டனை நீங்களே அழுத்துங்கள். முடிந்தால் கேமராவை அணைத்துவிட்டு கார்டையே கழற்றிப் பத்திரப்படுத்துங்கள்.

கார்டைக் கழற்றிய பிறகு அதில் எதையும் மாற்றாமல், வெட்டாமல் முழுக் கோப்பையும் லேப்டாப்பில் நகல் எடுங்கள். விபத்து நடந்த துண்டு மட்டும் போதாது. அதற்கு முந்தைய துண்டும் பிந்தைய துண்டும் சேர்த்து வையுங்கள். "முன்னாடி என்ன நடந்தது, அதை ஏன் காட்டவில்லை?" என்பதுதான் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் கேள்வியாக இருக்கும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கி, தரம் குறைந்து, கோப்பின் உள்விவரங்களும் போய்விடும். உறவினருக்கோ வழக்கறிஞருக்கோ பார்வைக்கு அனுப்ப அது போதும், ஆதாரத்துக்கு உதவாது. போலீஸ் கார்டைக் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். கொடுப்பதற்கு முன் நகல் எடுக்க அவகாசம் கேளுங்கள். கொடுத்தால் கைப்பற்றல் மகஜரில் அது குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, ஒப்புகை வாங்குங்கள்.

நீதிமன்றத்தில் செல்லுமா?

செல்லும், அதற்குரிய முறையில் கொண்டுபோனால். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் நடைமுறையில் இருக்கிறது. மின்னணுப் பதிவை ஆதாரமாக ஏற்பது எப்படி என்று சொல்லும், பழைய சட்டத்தின் 65பி பிரிவு பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். புதியதில் அதற்கு இணையானது 63-ஆவது பிரிவு.

மின்னணுப் பதிவை இரண்டு வழியில் தாக்கல் செய்யலாம். ஒன்று, பதிவான மூலக் கார்டையே, கேமராவோடு, நீதிமன்றத்தில் ஒப்படைத்து, அதன் உரிமையாளர் சாட்சிக் கூண்டில் ஏறி "இது என் கேமரா, இதில்தான் பதிவானது" என்று சொல்வது. இன்னொன்று, பென் டிரைவ், சி.டி. போன்ற நகலைத் தருவது. நகல் என்றால் கூடவே ஒரு சான்றிதழ் வேண்டும். 2014-இல் அன்வர் எதிர் பஷீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மறுபடியும் உறுதிசெய்து, மூலக் கருவியையே கொண்டுவந்தால் சான்றிதழ் தேவையில்லை என்றும் தெளிவாக்கியது. இந்தத் தீர்ப்புகள் பழைய 65பி பிரிவைப் பற்றியவை என்றாலும், புதிய சட்டமும் அதே சட்டகத்தைத்தான் பின்பற்றுகிறது.

புதிய சட்டத்தில் சான்றிதழுக்கு இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் பதிவைத் தாக்கல் செய்பவர் கையெழுத்திட வேண்டும். இரண்டாம் பகுதியில் நிபுணர் ஒருவர். இரண்டிலுமே கோப்பின் ஹேஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு மென்பொருள் முழு வீடியோவையும் கணக்கிட்டு எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு நீண்ட வரிசையைத் தரும். வீடியோவில் ஒரே ஒரு நொடியை வெட்டினாலும் அந்த வரிசை முற்றிலும் வேறாகிவிடும். அதனால்தான் வெட்டாதீர்கள், பெயர் எழுதி எடிட் செய்யாதீர்கள் என்று மேலே சொன்னேன். நகல் எடுத்த அன்றே ஹேஷ் மதிப்பையும் எடுத்து, தேதியோடு உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். சட்டம் அதைக் கேட்கவில்லை, ஆனால் பின்னால் வழக்கறிஞரின் வேலை பாதியாகக் குறையும்.

எல்லா வழக்கிலும் ஒரே அளவு கடுமை இருக்காது. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், வழக்கறிஞர்கள் எம்.சி.ஓ.பி. என்று சொல்லும் வழக்குகளில், எது அதிகம் நடந்திருக்கக்கூடும் என்ற அளவில் நிரூபித்தால் போதும், நடைமுறையும் சுருக்கமானது. அங்கே டேஷ்கேம் வீடியோவின் எடை கூடுதல் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் இரு தரப்பிலும் தவறு இருந்தால் யாருடைய பங்கு எத்தனை சதவீதம் என்று தீர்ப்பாயம் பிரிக்கும். அந்தப் பங்கு இழப்பீட்டுத் தொகையில் கழிக்கப்படும். அடிபட்ட குடும்பத்துக்குப் பல லட்சம் ரூபாய் வித்தியாசம் வரும் இடம் அது. நேரில் பார்த்த ஒருவர் வந்து சொல்வதைவிட, நேரம் பதிந்த இருபது விநாடி வீடியோ அங்கே தெளிவாகப் பேசும்.

உங்களுக்கு எதிராகவும் பேசும். வாங்கும் முன்பே யோசித்து வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது. வேக எல்லை 60 என்று இருக்கும் சாலையில் நீங்கள் 85-இல் போனது திரையின் ஓரத்திலேயே எழுதியிருக்கும். சிக்னலில் மஞ்சள் சிவப்பான பிறகு நுழைந்ததும் இருக்கும். போலீஸ் கேமராவைக் கைப்பற்றலாம். "எனக்கு எதிரானது, அழித்துவிடுகிறேன்" என்று இறங்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். சாட்சியத்தை மறைப்பது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 238-ஆவது பிரிவிலும், நீதிமன்றத்தில் தாக்கல் ஆகாமல் தடுக்க மின்னணுப் பதிவை அழிப்பது 241-ஆவது பிரிவிலும் தனிக் குற்றங்கள். வேகத்தை வீடியோவில் காட்ட வேண்டாம் என்று முதல் நாளே செட்டிங்கில் அணைத்து வைப்பது உங்கள் உரிமை. ஆனால் வேகம் காட்டும் பதிவு, மெதுவாக ஓட்டுபவருக்குப் பெரிய பலம். என் யோசனை, அதை அணைக்காமல் மெதுவாக ஓட்டுங்கள்.

அடுத்தவர் முகம், உள்ளே பேசும் பேச்சு

பொதுச் சாலையில் போகிறவர்கள் எல்லோரும் நம் கேமராவில் விழுகிறார்கள். இது தவறா? 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தது. அதே நேரம், 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் ஒருவர் தன் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவைத் தன் வரம்புக்கு வெளியே வைக்கிறது. உங்கள் காரின் கார்டில் பதிவாகி அங்கேயே அழியும் வீடியோவால் யாருக்கும் பாதிப்பில்லை. கால் டாக்சி நிறுவனமோ பள்ளி வேன் நடத்துபவரோ கேமரா வைத்தால் அது சொந்தத் தேவை ஆகாது. அவர்களுக்குப் பொறுப்பு கூடுதல்.

சிக்கல் ஆரம்பிப்பது பதிவேற்றும்போதுதான். "இந்த வண்டிக்காரனைப் பாருங்கள்" என்று நம்பர் பிளேட்டும் முகமும் தெரிய இன்ஸ்டாகிராமில் போட்டுவிடுகிறார்கள். விபத்து வழக்கு நடக்கும்போது அப்படிப் போடுவது உங்கள் வழக்கையே கெடுக்கும். எதிர்த்தரப்பு அவதூறு வழக்குப் போடவும் வழி தரும். அடிபட்டுக் கிடப்பவரின் வீடியோவைப் பொதுவில் போடுவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க மாட்டேன். அந்தக் குடும்பம் செய்தியை அறிவதற்கு முன்னால் அந்தக் காட்சியைப் பார்க்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது. விதிமீறலைத் தெரிவிக்க வேண்டுமென்றால் போக்குவரத்து போலீசுக்கு நேரடியாக அனுப்புங்கள்.

உட்புறத்தைப் பதிவு செய்யும் இரட்டைக் கேமராக்களும் வருகின்றன. சொந்தக் குடும்பத்தோடு மட்டும் போகும் காருக்கு அது தேவையே இல்லை. டாக்சி ஓட்டும் அண்ணன்மாருக்கு அது பாதுகாப்புதான். குடித்துவிட்டுத் தகராறு செய்யும் பயணியிடம் அது உதவும். ஆனால் "இந்த வண்டியில் கேமரா, ஒலிப்பதிவு உண்டு" என்று பின் சீட்டில் உட்காருபவர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். பின்சீட்டில் ஒரு தாய் குழந்தைக்குப் பால் கொடுப்பார், யாரோ போனில் வீட்டு விஷயம் பேசுவார். ஒருவரின் அந்தரங்கப் பகுதியை அனுமதியின்றிப் படம்பிடிப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். மைக் விஷயத்தில் ஹாரன் சத்தம் பயன்படும் என்று மேலே சொன்னேன். ஆனாலும் வெளியாட்களை ஏற்றும் நாட்களில் அணைத்துவிடுவதே மரியாதை.

ராணுவக் குடியிருப்பு, துறைமுகம், அணுமின் நிலையம் போன்ற இடங்களின் வாசலில் படம்பிடிக்கத் தடை என்ற பலகை இருந்தால் கேமராவின் வயரைப் பிடுங்கிவிட்டு உள்ளே போங்கள். அங்கே விவாதம் வேண்டாம்.

வெளிநாட்டில் வண்டி ஓட்டுகிறவர்கள் இதையெல்லாம் அப்படியே கொண்டுபோக முடியாது. சிங்கப்பூரில் டாக்சி, தனியார் வாடகைக் காரின் உட்புறத்தை நோக்கிய கேமராவுக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். ஜெர்மனியில் காரணமில்லாமல் தொடர்ந்து பதிவு செய்துகொண்டே போவது தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரண் என்று கூறிய அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அப்படிப் பதிவான வீடியோவையும் விபத்து வழக்கில் ஏற்கலாம் என்று 2018-இல் தீர்ப்பளித்தது. ஆஸ்திரியாவில் கட்டுப்பாடு இன்னும் கடுமை.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. டேஷ்கேம் இருப்பதாலேயே பிரீமியம் குறையும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பி வாங்காதீர்கள். உங்கள் பாலிசியில் எழுதியிருந்தால் மட்டுமே அது உண்டு. கிளெய்ம் போடும்போது சர்வேயரிடம், அதாவது சேதத்தை மதிப்பிட வருபவரிடம், வீடியோவைக் காட்டினால், எப்படி நடந்தது என்ற கேள்வி சீக்கிரம் தீரும். அந்த அளவுக்கு உதவும்.

வெயில், வயர், கார்டு

நம் ஊர் வெயில்தான் இந்தக் கருவிக்கு முதல் எதிரி. சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரில், முன்கண்ணாடியை ஒட்டிய இடம் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். லித்தியம் பேட்டரி உள்ள கேமரா அந்தச் சூட்டில் ஊதிப்போகும். வாங்கும்போது பேட்டரிக்குப் பதில் கெபாசிட்டர் உள்ள மாடலா என்று கேளுங்கள், சூட்டைத் தாங்கும். கார்டும் போனுக்குப் போடும் சாதாரண மெமரி கார்டு ஆகாது. திரும்பத் திரும்ப எழுதுவதால் சீக்கிரம் பழுதாகும். விபத்து நடந்த பிறகுதான் பல நாளாக எதுவுமே பதிவாகவில்லை என்று தெரியவரும். 'ஹை எண்டியூரன்ஸ்' என்று போட்ட கார்டு வாங்கி, மாதம் ஒருமுறை கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். ஜி-சென்சாரைக் குறைந்த உணர்திறனில் வையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் ஒரு துண்டு பூட்டப்பட்டு, கார்டு நிறைந்துவிடும்.

தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். புதுக் கேமராக்களில் வேறு நாட்டு நேரம் இருக்கும், பலர் மாற்றுவதே இல்லை. நேரம் தவறான வீடியோவைக் குறுக்கு விசாரணையில் எளிதாகக் கேள்விக்குள்ளாக்கலாம். ஜி.பி.எஸ். உள்ள மாடல்களில் பல, நேர மண்டலத்தை இந்தியாவுக்கு வைத்துவிட்டால் தானாகத் திருத்திக்கொள்ளும்.

நிறுத்திய வண்டியையும் கண்காணிக்க வேண்டுமென்றால் ஃபியூஸ் பாக்ஸிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும். பேட்டரி மின்னழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே போனால் தானாக நிறுத்தும் வசதியுள்ள வயரிங் கிட் இல்லாமல் அதைச் செய்தால், காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. வாரன்டி உள்ள வண்டியில் வயரை வெட்டி ஒட்ட விடாதீர்கள். ஃபியூஸ் டேப், அதாவது ஃபியூஸ் இருக்கும் இடத்திலேயே செருகும் இணைப்பு, போட்டு எடுக்கச் சொல்லுங்கள். வெறும் ஓட்டத்துக்கு மட்டும் என்றால் சார்ஜர் சாக்கெட்டே போதும்.

டேஷ்போர்டில் பிள்ளையாரும் எலுமிச்சம்பழமும் வைத்திருந்தால், பகல் வெளிச்சத்தில் அவற்றின் பிரதிபலிப்பு கண்ணாடியில் விழுந்து வீடியோவிலும் தெரியும். கொஞ்சம் தள்ளி வைத்தால் சரியாகிவிடும். ஆயுத பூஜை அன்று கண்ணாடியில் வைக்கும் சந்தனமும் கேமராவுக்கு முன்னால் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டி முடித்த அன்று இரவே உங்கள் தெருவிலும் மெயின் ரோட்டிலும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, கார்டை லேப்டாப்பில் போட்டுப் பாருங்கள். முன்னால் போன வண்டியின் நம்பர் பிளேட்டை நிறுத்தி வாசிக்க முடிகிறதா? இப்போதைய உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டுகள் ஒளியைத் திருப்பி அடிப்பதால், ஹெட்லைட் வெளிச்சத்தில் வெறும் வெள்ளைப் பட்டையாகத் தெரியலாம். அப்படியிருந்தால் எக்ஸ்போஷரை (கேமரா உள்வாங்கும் வெளிச்சத்தின் அளவை) ஒரு படி குறைத்து, கேமராவைச் சற்றுக் கீழே சாய்த்து, மறுபடி ஒரு சுற்றுப் போய் வாருங்கள். அதற்குப் பிறகும் தெரியவில்லை என்றால், கடையில் மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் வேறு மாடல் கேளுங்கள்.